வாத்து பார்த்த தெரியுதுக்காரர்

மனிதர்களில் தெரியுதுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு. எல்லா ஊரிலும் எல்லாப் பருவத்திலும் காணக் கிடைப்பார்கள். வலசை போகும் வழக்கம் இல்லை. நீங்கள் ஒரு திசையில் கையை நீட்டி, "அதோ பாருங்க, தெரியுதா?" என்று கேட்கிறீர்கள். உங்கள் விரல் முழுதாக நீள்வதற்குள் "தெரியுது, தெரியுது" என்று இரண்டு முறை சொல்லிவிடுகிறார் அல்லவா, அவர்தான். ஒரு முறை சொன்னால் அவருக்கு உண்மையிலேயே தெரிகிறது என்று பொருள். இரண்டு முறை சொன்னால் தெரியவில்லை. கூடவே "ஆஹா" என்று ஒன்றைச் சேர்த்தால், அவர் பார்த்துக்கொண்டிருப்பதே வேறு திசை.

அப்படி யாரையும் எனக்குத் தெரியாது என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். ஸ்கேன் அறையில் டாக்டரம்மா திரையைத் திருப்பி, "இதுதான் தலை, இது முதுகெலும்பு, தெரியுதா?" என்று கேட்க, சாம்பல் நிறத்தில் ஏதோ கலங்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "தெரியுது டாக்டர், தெரியுது, மூக்கு அப்படியே அவங்க அப்பா மூக்கு" என்று கண் கலங்கியவர்கள் எத்தனை பேர்? கோயில் கூட்டத்தில் முன்னால் நின்ற ஆளின் சட்டைக் காலரைத் தவிர வேறெதையும் காணாமல் வெளியே வந்து, "இன்னிக்கு அலங்காரம் பிரமாதம்" என்று சொன்னவர் யார்? பல் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இந்த வேர்லதான் பிரச்சினை" என்று காட்டும்போது, "ஆமாங்க டாக்டர், நானே நினைச்சேன்" என்று தலையாட்டியது உங்கள் வீட்டு ஆள் இல்லையா?

இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொய் சொல்கிறவனுக்கு அதில் ஓர் ஆதாயம் இருக்கும். தெரியுதுக்காரருக்கு என்ன ஆதாயம்? காட்டுகிறவரின் கை வலிக்குமே என்று இரக்கப்படுகிறார். பின்னால் வரிசை நிற்கிறதே என்று வெட்கப்படுகிறார். இவ்வளவு ஆசையாகக் காட்டுகிறவரின் முகம் வாடிப்போகுமே என்று பதறுகிறார். எல்லோருக்கும் தெரிந்து நமக்கு மட்டும் தெரியாமல் போனால் அது எவ்வளவு அசிங்கம் என்ற பயமும் உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பயத்தைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் பேசமாட்டார்.

எங்கள் விருத்தாசலத்தில் இந்த இனத்தின் அப்பழுக்கில்லாத மாதிரி கோதண்டபாணி. பீங்கான் பட்டறைகளில் செய்கிற சாமான்களுக்கு வைக்கோல் சுற்றி, பெட்டியில் அடுக்கி, லாரி ஏற்றி அனுப்புகிற தொழில். தங்கமான மனிதர். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஊரில் அவருக்கு ஆகாதவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்டால் அதுவும் தெரியுது என்பார்.

போன மார்கழியில் நாங்கள் நாலு பேர் பறவை பார்க்கப் போனோம். யோசனை பிரபாகரன் சாருடையது. அரசுப் பள்ளி வாத்தியார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பைனாகுலர் வாங்கினார். அன்று முதல் மனிதர்களைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டார். டீக்கடையில் உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கண் உங்கள் தலைக்கு மேல் போய்விடும். வெலிங்டன் ஏரிக்கு வரித்தலை வாத்து வந்திருக்கிறது, வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை, இமயமலையைத் தாண்டி வருகிற பறவை என்று அவர் சொன்னதும், வருகிறேன் என்று முதலில் எழுந்து நின்றது துர்கா.

துர்கா பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருக்கிறாள். டிவிக்கு இரண்டு பக்கமும் உட்காருமே நாய், அது; கண்ணை மூடிய புத்தர் தலை; உண்டியல் மாம்பழம். இவை மூன்றும் இப்போது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. புதுச்சேரியில் கடை வைத்திருக்கும் வளர்மதி என்ற அம்மா மட்டும், "உங்க பக்கத்து ஏரிக்கு வர்ற பறவையைச் செஞ்சு குடுங்க, எடுத்துக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். துர்கா செல்போனில் படம் பார்த்து ஒரு வாத்து செய்து அனுப்பினாள். அது திரும்பி வந்தது. பொம்மை மாதிரி இருக்கிறதாம். பொம்மை வேறு எப்படி இருக்கும் என்று கேட்கலாம்தான். ஆனால் அந்த அம்மா சொன்னதில் நியாயம் இருப்பதாகத் துர்காவே சொன்னாள்.

"படத்துல எல்லாம் பக்கவாட்டுல நிக்குதுங்க. வீடியோல நீந்துது, இல்லன்னா பறக்குது. சும்மா இருக்கும்போது அது எப்படி இருக்கும்னு ஒருவாட்டி கண்ணால பாத்துட்டேன்னா போதும், செஞ்சிருவேன்."

இன்னொரு வாய்ப்பு கொடுத்திருந்தார் வளர்மதி. அதுவும் திரும்பி வந்தால், பொங்கல் கழித்துப் பட்டறையைத் திறப்பதில் அர்த்தமில்லை. அவளிடம் வண்ணம் தீட்டுகிற பெரியம்மாளும் அம்சவல்லியும் தினமும் கிளம்பும்போது, "பொங்கல் கழிச்சு வேலை இருக்குதாம்மா?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாமல்தான் அவள் வாத்து பார்க்க வந்தாள்.

வண்டி என்னுடையது, ஓட்டுவதும் நான். முன் இருக்கையில் மப்ளருக்குள் கோதண்டபாணி; பின்னால் வாத்தியாரும் துர்காவும். பெண்ணாடம் தாண்டிக் கிராமத்துச் சாலையில் திரும்பினோம். பாதிச் சாலையில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது, மீதிப் பாதியில் நாங்கள் போனோம்.

"அதோ, கம்பியில பனங்காடை!" என்றார் பிரபாகரன்.

"பாத்துட்டேன், பாத்துட்டேன்" என்றார் கோதண்டபாணி. அவர் மப்ளரை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க சார்? எனக்குத் தெரியலியே" என்றாள் துர்கா.

வண்டியை நிறுத்தி, கழுத்தைத் திருகிப் பின்னால் பார்த்து, சோளத்தின் மேல் ஏறாமல் ரிவர்ஸ் எடுத்தேன். பனங்காடை அங்கேயே இருந்தது. திடீரென்று இறக்கையை விரித்தது. அப்பா, என்ன நீலம்! அதற்குப் பிறகு கரிச்சானுக்கு ஒரு ரிவர்ஸ், மீன்கொத்திக்கு ஒரு ரிவர்ஸ், வாத்தியாருக்கே பெயர் தெரியாத ஒரு கழுகுக்கு ஒரு ரிவர்ஸ். எனக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அன்று காலையில் நாங்கள் பார்த்த பறவையெல்லாம் துர்கா தெரியவில்லை என்று சொன்னதால் பார்த்தவை. கோதண்டபாணியை மட்டும் ஏற்றிக்கொண்டு போயிருந்தால், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடித்திருப்போம்.

ஏரிக்கு ரிவர்ஸ் கிடையாதே. கரை மேல் ஏறினால் எதிர்க்கரை அரைகுறையாகத் தெரிகிற பனி. நான் வண்டியைப் புளியமரத்தடியில் ஓரங்கட்டிவிட்டு ஏறி வருவதற்குள் வாத்தியார் பைனாகுலரும் கையுமாகக் குதிக்க ஆரம்பித்திருந்தார்.

"இருக்குது, இருக்குது! ஒண்ணே ஒண்ணு. அண்ணே, இந்தாங்க. அந்தாண்ட ஒத்தப் பனை ஒண்ணு தெரியுதா?"

"தெரியுது" என்றார் கோதண்டபாணி.

"அதுக்குக் கீழ எருமை?"

"தெரியுது, தெரியுது."

"எருமைக்கு வலப்பக்கம் ஒரு மண்திட்டு, அது மேல..."

"ஆஹா! பாத்துட்டேன் சார். என்னா அழகுங்க!"

"தலையில ரெண்டு பட்டை?"

"ரெண்டும் தெரியுது சார், ரெண்டும்."

பைனாகுலரில் முதல் முதலாகக் கண்ணை வைக்கிறவருக்கு என்ன தெரியும் என்று உங்களுக்குத் தெரியாதா? சொந்தக் கண்ணிமை தெரியும். அதற்கு அப்பால் இரண்டு கறுப்பு வட்டம் தெரியும். போதாக்குறைக்கு அவர் அதைத் திருப்பியிருந்த பக்கத்தில் பனையும் இல்லை, எருமையும் இல்லை. ஒரு செல்போன் டவர் இருந்தது. ஆனால் பிரபாகரனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு வருடமாக அவர் காட்டியதையெல்லாம் பார்க்காமல் போன ஊரில், ஒரு மனிதர் அழகு என்று சொல்லிவிட்டார். அந்த மலர்ச்சிக்காகத்தான் இந்த இனம் இந்தப் பாடு படுகிறது.

அடுத்து துர்கா. நெடுநேரம் பார்த்தாள். வாத்தியார் பின்னால் நின்று அவள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பச் சொன்னார்.

"தெரியல சார்."

"வெள்ளையா ஒண்ணு?"

"பனிதான் சார் வெள்ளையா இருக்குது. வாத்து தெரியல."

வாத்தியார் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். மறுபடி துடைத்துவிட்டுப் பார்த்தார். "பறந்துருச்சும்மா" என்றார்.

"ஆமா, ஆமா, இப்பதான் போச்சு" என்று கோதண்டபாணி வானத்தைக் காட்டினார். அந்தப் பக்கத்தில் ஒரு காக்கைகூட இல்லை.

வெயில் ஏறும்வரை காத்திருந்தோம். பனி விலகியது. கொக்கு இருந்தது, நாரை இருந்தது, நூற்றுக்கணக்கில் சின்ன வாத்துகள் இருந்தன. திட்டு இருந்தது, அதன் மேல் ஒன்றும் இல்லை. நாங்கள் கரையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். துர்கா சாப்பிடவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அந்தத் திட்டையே பார்த்து நின்றாள். எனக்குப் பாவமாக இருந்தது. கோதண்டபாணிக்கு அதைவிடப் பாவமாக இருந்திருக்க வேண்டும். வடையை எடுத்துக்கொண்டு இரண்டு முறை அவள் பக்கம் போய், இரண்டு முறையும் கொடுக்காமல் திரும்பி வந்தார்.

திரும்பும் வழியில் துர்கா பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். அடுத்தவர்கள் பயணத்துக்கு முறுக்கு எடுத்து வருவது போல அவள் களிமண் எடுத்து வந்திருந்தாள்.

"அண்ணே, நீங்கதான் நல்லா பாத்தீங்க. எப்படி இருந்துச்சு, சொல்லுங்க. நின்னுச்சா, உக்காந்துச்சா?"

மார்கழிக் குளிரில் கோதண்டபாணிக்கு வேர்த்ததை நான் பார்த்தேன். "நின்னுச்சும்மா" என்றார்.

"கழுத்து?"

"கழுத்தா? கழுத்த இப்படி உள்ள இழுத்துக்கிட்டு..." மப்ளருக்குள் அவர் கழுத்து போயிற்று. "தலைய இப்படி ஒரு பக்கமா சாச்சிக்கிட்டு..."

"கண்ணு?"

"பாதி மூடுன மாதிரி."

"மூக்கு?"

"மூக்கு... லேசா தொறந்து..."

"ஏதோ சொல்ல வர்ற மாதிரியா அண்ணே?"

"ஆமாம்மா! கரெக்ட்டா சொல்லிட்ட. சொல்ல வர்ற மாதிரிதான்!"

துர்கா களிமண்ணை உருட்டத் தொடங்கினாள். "திரும்பாதீங்க அண்ணே. அப்படியே இருங்க." பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம் வரும்வரை அந்த மனிதர் முன் இருக்கையில் பின்பக்கமாகத் திரும்பி, கழுத்தை இழுத்து, தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்தபடி வந்தார். எதிரே வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

மற்ற ஊர்களில் இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டால் சாயங்கால டீக்குள் அது கரைந்து போய்விடும். எங்கள் ஊரில் அதற்கு வழியில்லை. இங்கே சூளை இருக்கிறது. யாரோ வாய்தவறிச் சொன்னதை அச்சில் வார்த்து, வண்ணம் தீட்டி, மெருகு பூசி, சூளையில் வைத்து எடுத்துவிடுவார்கள். பிறகு அது கீழே விழுந்தால்தான் உடையும்.

மறுநாள் கோதண்டபாணி என்னிடம் வந்தார். "அந்த வாத்து நெசமாவே எப்படிங்க நிக்கும்?" என்று கேட்டார். "துர்காகிட்ட போய்ச் சொல்லிடுங்க" என்றேன். உடனே கிளம்பினார். நல்ல மனிதர் என்றேனே, சொல்லத்தான் கிளம்பினார். பட்டறைக்குள் நுழைந்ததும் துர்கா அச்சுக்கான மாதிரியைத் தூக்கிக் காட்டி, "கழுத்து சரியா வந்திருக்குது பாருங்கண்ணே, தெரியுதா?" என்று கேட்டாள். "தெரியுது, தெரியுதும்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி போனார். இந்த முறை, "அண்ணே, உங்க புண்ணியத்துல பொங்கல் கழிச்சும் வேலை இருக்கும்போல" என்று அம்சவல்லி தூரிகையோடு எழுந்து வந்து கும்பிட்டாள். கும்பிட்ட பெண்ணிடம் போய் எதைச் சொல்வது? டீ குடித்துவிட்டு வந்தார். அதன் பிறகு அந்தத் தெருப்பக்கம் போவதை நிறுத்திவிட்டார். இளைத்தும் போனார்.

பிரபாகரன் கதை இன்னும் விசேஷம். ஒரு நாள் டீக்கடையில் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "கோதண்டபாணி அண்ணன் பாத்துட்டேன்னு சொன்னதும்தான் சார் எனக்கு உசிரே வந்துச்சு. அந்தப் பனியில, எனக்கே அது வாத்தா, காத்துல வந்த உரச் சாக்கான்னு கொஞ்சம் சந்தேகமாதான் இருந்துச்சு. அவர் ரெண்டு பட்டையும் தெரியுதுன்னுட்டாரு பாருங்க!" என்றார். நான் டீயைக் குடித்தேன்.

வளர்மதி வந்த அன்று எங்கள் எல்லோரையும் துர்கா வரச் சொல்லியிருந்தாள். கோதண்டபாணியை ஆள் அனுப்பி அழைத்து வந்தார்கள். மேசை மேல் வாத்து நின்றது. வெள்ளைத் தலை, இரண்டு கறுப்புப் பட்டை, சாம்பல் உடம்பு. கழுத்து உள்ளே இழுத்து, தலை சாய்ந்து, கண் பாதி மூடி, அலகு லேசாகத் திறந்து, நீங்கள் என்ன சொன்னாலும் ஒத்துக்கொள்ளத் தயாராக நின்றது. பெரியம்மாளும் அம்சவல்லியும் கையைத் துடைத்தபடி சுவரோரம் நின்றார்கள். அவர்கள் வாத்தைப் பார்க்கவில்லை. வளர்மதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வளர்மதி வாத்தைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "ஏரில இப்படித்தான் நின்னுச்சுங்களா?" என்று கேட்டார்.

பிரபாகரன் கோதண்டபாணியைப் பார்த்தார். பெரியம்மாளும் அம்சவல்லியும் கோதண்டபாணியைப் பார்த்தார்கள். கோதண்டபாணி கழுத்தை உள்ளே இழுத்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். வாயை லேசாகத் திறந்தார்.

"வாத்த நான் பாக்கலைங்க" என்றாள் துர்கா.

வளர்மதி அவள் பக்கம் திரும்பினார்.

"யாரும் பாத்த மாதிரியும் எனக்குத் தோணல. அண்ணன் பாத்தேன்னு சொன்னாரு. கார்ல கேக்க ஆரம்பிச்சதுமே அவரும் பாக்கலன்னு புரிஞ்சிபோச்சு. ஆனா அப்படிச் சொல்லும்போது அவரு மொகம் இருந்துச்சு பாருங்க, அத விட மனசு வரல. அவரைப் பாத்துதான் செஞ்சேன். வேணான்னா விட்டுருங்க."

வளர்மதி வாத்தைப் பார்த்தார். கோதண்டபாணியைப் பார்த்தார். மறுபடி வாத்தைப் பார்த்தார். அவருக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகுதான் சிரிப்பு வந்தது. சுவரோரத்தில் பெரியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அய்யோ, இது எங்க வூட்டுக்காரருங்க!" என்றார் வளர்மதி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நான் எந்தப் பொடவையக் காட்டினாலும் இதே மொகம்தான். வூட்டுக்கு வூடு ஒண்ணு இருக்கும்மா இது. எவ்ளோ செஞ்சாலும் போவும். எனக்கு மொதல்ல குடு."

அம்சவல்லி உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. பெரியம்மாள் எல்லோருக்கும் டீ சொல்ல ஓடினாள்.

கோதண்டபாணி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். துர்கா வாத்தை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. அச்சு அசல் நீங்கதான். பாருங்க, தெரியுதா?"

வாங்கினார். திருப்பிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கையை நீட்டி எட்டத்தில் வைத்துப் பார்த்தார். வாத்தின் மூக்கும் அவர் மூக்கும் தொட்டுக்கொள்கிற தூரத்தில் கொண்டுவந்தும் பார்த்தார். காத்திருந்த எங்களுக்குக் கால் வலித்தது. அவசரமே படாமல், இத்தனை வருடப் பழக்கத்தில் நான் கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலியேம்மா."

சூளையில் இப்போது அந்த வாத்துதான் வேகிறது. புதுச்சேரிப் பக்கம் போனால் கடையில் வரிசையாக நிற்பதைப் பார்ப்பீர்கள். ஒன்றைக் கையில் எடுங்கள். எங்கோ பார்த்த முகமாக இருக்கும். மைத்துனர் நினைவுக்கு வருவார், ஆபீஸ் மேனேஜர் வருவார், எதிர் வீட்டுக்காரர் வருவார். வரிசையாக எல்லோரையும் நினைத்து நன்றாகச் சிரியுங்கள். அப்போது கூட வந்திருக்கும் உங்கள் வீட்டு ஆள் வாத்தை ஒரு தடவையும் உங்களை ஒரு தடவையும் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் ஒன்றை எடுத்து பில் போடக் கொடுத்தால், யாருக்கு வாங்குகிறாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.